பத்து நிமிடம் கேட்டவர்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என் மகள் யாழினி கணினி முன்னால் விளையாட உட்காருவாள். அவள் விளையாடுவதை நூறு, நூற்றைம்பது பேர் அவரவர் வீட்டிலிருந்து நேரலையில் பார்ப்பார்கள். ஒருவர் விளையாடுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். கிரிக்கெட் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவே துப்பாக்கிச் சத்தம் நின்றது. அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். விளையாட்டை நிறுத்திவிட்டு, பார்வையாளர்கள் திரையோரத்தில் எழுதும் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: "சீலன் அண்ணன் காலைல கம்பெனில கரண்ட் அடிச்சி போய்ட்டாரு."

"பொய்ப்பா," என்றாள் யாழினி. "கரண்ட் அடிச்சா? அவருக்கா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெயசீலன் அவர்களை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். வயது நாற்பத்தாறு. பெரியபாளையத்துக்கு அருகிலுள்ள ஆரணியிலிருந்து புதுவாயல் வரும் சாலையோரத்தில் ஒரு கிராமம். பெற்றோர் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, பல ஆண்டுகள் வீடுகளுக்கு ஒயரிங் செய்துவிட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தார். தற்காலிகம் என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் ஊர் ஆலைகளுக்கே உரியது. வார விடுமுறை நாட்களில், கேட்டவர்களுக்கெல்லாம் கணினிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுப்பார். விளையாடவும் நேரலை செய்யவும் கணினி வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் யார் ஆசைப்பட்டாலும், கடைக்குப் போகும் முன்பு அவரிடம்தான் போவார்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு யாழினி ஒரு பட்டியலைத் தயாரித்து வைத்திருந்தாள். இருப்பதிலேயே பெரிய பிராசசர், அதற்கு ஈடான கிராஃபிக்ஸ் கார்டு, நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த கேபினட், அதற்குள் ஏழு மின்விசிறிகள், ஒவ்வொன்றிலும் கலர் விளக்கு. பட்டியலின் கடைசியில், போனால் போகிறது என்பதுபோல், 'பவர் சப்ளை, ஏதாவது ஒன்று' என்று எழுதியிருந்தாள். ஜெயசீலன் தாளை வாங்கி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தார்.

"அங்கிள், தலைகீழா படிக்கிறீங்க."

"லிஸ்ட்ட கீழேர்ந்துதாம்மா படிக்கணும். கடைசில இன்னா எழுதிக்கிறாங்களோ அதான் மொதல்ல எரியும். வா, ஊட்டப் பாக்கலாம்."

"ஊட்டையா? கம்ப்யூட்டர்தான் அங்கிள் வேணும்."

"கம்ப்யூட்டர் எங்க நிக்கப் போவுது, நடுரோட்லயா?"

வந்தார். சோதனை விளக்கு ஒன்று வைத்திருந்தார். ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு ஒயரைப் பிளக்கில் மின்சாரம் வரும் துளையிலும் மற்றொன்றை மேலே இருக்கும் பெரிய மூன்றாவது துளையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. வேறு அறையில் வைத்தார். அங்கும் எரியவில்லை. அந்த மூன்றாவது துளைதான் எர்த். எங்காவது கோளாறு ஏற்பட்டால், மின்சாரம் மனிதனைத் தேடிப் போகாமல் மண்ணுக்குள் போய்விடுவதற்கான வழி. எங்கள் வீட்டில் அந்த வழி சுவருக்குள் இரண்டு அங்குலம் போய் நின்றிருந்தது.

"இது எர்த் இல்ல சார். சும்மா அழகுக்கு வெச்சிக்கிறான்," என்றார்.

யாழினி அப்போது ஓர் உண்மையை வெளியிட்டாள். "அங்கிள், ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருனு இருக்கும். அது வைப்ரேஷன்னு அப்பா சொல்வாரு."

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டில் வசிக்கும் படித்த மனிதனை ஓர் எலெக்ட்ரீஷியன் எப்படிப் பார்க்கலாமோ அப்படிப் பார்த்தார். "நீங்க புஸ்தகம்லாம் படிப்பீங்க இல்ல சார்?" என்று மட்டும் கேட்டார்.

எர்த் போடும்வரை பாகங்களைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பின்பக்கம் குழி வெட்டினோம். வெட்டினோம் என்பது மரியாதைக்காக. அவர் வெட்டினார், நான் கரியும் உப்பும் எடுத்துக் கொடுத்தேன். குழாயை இறக்கி, கம்பி இழுத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் பல்பை வைத்தார். எரிந்தது. "எரியுது," என்றார். ஒரு நாற்பது வாட் பல்பைப் பார்த்து ஒருவர் அவ்வளவு திருப்தி அடைந்து நான் கண்டதில்லை.

பிறகுதான் பட்டியலுக்கு வந்தார். முதலில் கண்ணாடி கேபினட்டை அடித்தார். யாழினி விடவில்லை. "கலர் லைட் இல்லன்னா யாரு அங்கிள் பாப்பாங்க?"

"பொட்டியப் பாக்கவா வராங்க? உன்னப் பாக்க வராங்க. கலர் லைட்டு வேணும்னா ஆடி மாசம் பெரியபாளையம் போ, தெருத்தெருவா கட்டிக்கிறான்." சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, எங்கள் சன்னல் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். காகிதம் முழுக்கக் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. "பாரு, தாடி மொளச்சிக்கிச்சி. இரும்புத் தூளு. நம்ம ஊரு காத்துல இது இருக்குது. கண்ணாடிப் பொட்டில காத்து வர சந்து கம்மி, உள்ள போன தூளு உள்ளயே உக்காந்துக்கும். மதர்போர்டு மேல இரும்பு உக்காந்தா இன்னா ஆவும்?"

முன்பக்கம் முழுக்கச் சல்லடை வைத்த சாதாரணக் கேபினட் வந்தது. கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்றை அவரே அளவெடுத்து வெட்டி உள்ளே வைத்தார். மாதம் ஒருமுறை யாழினி அந்த வலையைக் கழுவும்போது வாளித் தண்ணீர் கறுத்துப்போகும். அதே காற்றைச் சுவாசிக்கும் எங்களுக்கு அப்படி ஒரு வலையை இதுவரை யாரும் அளவெடுக்கவில்லை.

பிராசசரை ஒரு படி இறக்கினார். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் யோசித்து எடுத்தார். விளையாட்டை ஓட்டுவது ஒரு வேலை, ஓடுவதைப் படமாகச் சுருக்கி ஊருக்கு அனுப்புவது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கென்றே கார்டுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அது நன்றாக இருக்கும் கார்டாகப் பார்த்து வாங்கினால் பிராசசர் திணறாது என்றார். "ரெண்டு ஆள் வேலய ஒரே ஆள் தலைல கட்டக் கூடாதும்மா. கொஞ்ச நாள் செய்யும். அப்பறம் சூடாயி நின்னுடும்." இதை அவர் எந்த வீடியோவிலும் கற்றதாகத் தெரியவில்லை. ஆலையில் மூன்று எலெக்ட்ரீஷியன்கள் செய்த வேலையை இருவர் செய்யத் தொடங்கி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேமராவைக் குறைத்து மைக்கைக் கூட்டினார். "மூஞ்சி மங்கலா இருந்தா பொறுத்துப்பாங்க. சத்தம் கரகரன்னா அடுத்த கடைக்குப் போய்ட்டே இருப்பாங்க." பவர் சப்ளையை மட்டும் தேவைக்கு மேலேயே நல்லதாக எடுத்தார். எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும், மார்க்கர் பேனாவால் கேபினட்டின் பின்புறம் தேதி போட்டு, எர்த் சரி என்று எழுதி, ஜெ.சீ. என்று கையெழுத்திட்டார். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறத்திலும் அதையே எழுதினார்.

"ரெண்டு எடத்துல எதுக்கு அங்கிள்?"

"வெளிய எழுதறது உங்களுக்கு. ஆயுத பூஜைக்குத் தொடச்சி சந்தனம் பூசிடுவீங்க. உள்ள எழுதறது தொறக்கறவனுக்கு."

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு மறுநாள் வருவார். பல்பை வைத்துப் பார்த்து, அழிந்ததைத் திரும்ப எழுதி, உள்ளே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போவார். உள்ளே அவர் எழுதிய நான்கு வரிகள் இருக்கின்றன.

அவரும் நேரலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. இத்தனை பேருக்குப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தவரிடம் இருந்தது யாரோ கழித்துப் போட்ட பழைய கணினி. தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்; நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அடித்தும் திருத்தியும் பல ஆண்டுகளாக அது வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய கணினியில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுவார். திரையில் ஏதோ ஐரோப்பிய மலைப்பாதை, பனி, கோட்டு போட்ட பயணிகள். ஜெயசீலன் குரல் கொடுப்பார்: "தச்சூர் கூட்ரோடு எறங்கறவங்கலாம் முன்னால வாங்கோ! இன்னா நைனா, படில நிக்கற? உள்ள ஏறு!" பார்ப்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அவர் பூட்டிக்கொடுத்த கணினிகளில் பார்ப்பவர்கள்.

அந்த விளையாட்டில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பயணி ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார். விளையாட்டு அவசரப்படுத்தும், மதிப்பெண் குறையும், திரையில் சிவப்பு எழுத்து மின்னும். அவர் அசையமாட்டார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நடத்துநர் வேலையையும் அவரே செய்து, "போலாம், ரைட்!" என்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும். "ஸ்கோர் போவுதுண்ணே" என்று யாராவது எழுதினால், "ஸ்கோரு போனா வரும்பா" என்பார்.

இறுதிச் சடங்கன்று அவர் தெருமுனையில் ஆலையின் பெயரில் ஒரு பெரிய பேனர் நின்றது. 'எங்கள் ஆலைக் குடும்பத்தின் ஒளிவிளக்கு அணைந்தது' என்று எழுதியிருந்தது. மின்சாரம் தாக்கி இறந்தவருக்கு இந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவரின் ரசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. குடும்பம் என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. பதினான்கு ஆண்டுகள் வாசலில் தினமும் சீட்டு வாங்கி உள்ளே போனவரை, இறந்த மறுநாளே குடும்பத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி இரங்கல் உரை ஆற்றினார். "பாதுகாப்பே முதல் என்பதை நம் சகோதரர் ஒரு கணம் மறந்துவிட்டார். அவருடைய கவனக்குறைவு நமக்கெல்லாம் ஒரு பாடம்," என்றார். சவப்பெட்டி அவருக்கு நான்கடி தூரத்தில் இருந்தது. அதே சொல் ஆலை கொடுத்த விபத்து அறிக்கையிலும் இருந்தது: இறந்தவரின் கவனக்குறைவு.

ஜெயசீலனின் மனைவி எஸ்தர், மருந்துக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், எங்க ஊட்ல செருப்பு போடாம மிக்ஸியத் தொட வுடமாட்டாரு. ஈரக் கையோட சுச்சியத் தொட்டா நாலு நாளு பேசமாட்டாரு. அவருக்குக் கவனம் கொறவாம். நீங்க மனு எழுதுவீங்கன்னு சொல்வாரு. எனக்கு வேற இன்னாவும் வேணாம் சார். அந்த ஒரு வார்த்தய எடுக்கச் சொல்லுங்க."

நடந்தது என்ன என்பதைக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கூட வேலை செய்த ஒருவர் சொல்லியிருந்தார். சொல்லும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கம்பி ஓடும் லைனுக்கு மின்சாரம் கொடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்றில், அதை மண்ணோடு இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தது. ஜெயசீலன் பல முறை சொல்லியிருக்கிறார். உற்பத்தியை நிறுத்த முடியாது என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அன்று காலை லைன் தானாகவே நின்றது. "பத்து நிமிசம் குடுங்க, நான் ரைட்டு சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்க, பட்டையப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பல்பை வைத்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வைத்திருக்கிறார். ஆறாவது நிமிடத்தில் லைனை ஓட்டிவிட்டார்கள். எங்கோ ஒரு மோட்டாரில் கசிந்த மின்சாரம், மண்ணுக்குப் போக வழியில்லாமல், பெட்டிக்கு வந்தது. பெட்டியில் அவர் கை இருந்தது.

நான் எழுதுகிற மனுக்கள் பொதுவாகப் பணிவாக இருக்கும். இதில் பணிவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்கு முறை கிழித்தேன். சொன்னவர் சாட்சி சொல்ல வரமாட்டார். அவருக்கும் தினமும் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். என் கையில் எஸ்தரின் மிக்ஸியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

யாழினிதான் தன் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தாள். "அப்பா, அவரு உள்ளயும் எழுதுவாரு."

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மனு கொடுத்தவர் என்ற முறையில் எஸ்தருக்கும், துணைக்கு எனக்கும் வாசலில் சீட்டு கொடுத்தார்கள். கணவர் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்த இடத்தை எஸ்தர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இரும்புப் பெட்டி பளபளவென்று சாம்பல் நிறத்தில் நின்றது. ஆய்வாளர் கதவைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது.

"வருடாந்திரப் பராமரிப்பு மேடம்," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"கதவத் தொறங்க," என்றார் எஸ்தர்.

அதிகாரி எஸ்தருக்குப் பதில் சொல்லாமல் ஆய்வாளரிடம் சொன்னார். "திறக்கணும்னா லைனை நிறுத்தணும் மேடம். ப்ரொடக்‌ஷன் பாதிக்கும்."

"எவ்ளோ நேரம் நிறுத்தணும்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன், யார் முகத்தையும் பார்க்காமல், "பத்து நிமிசம் மேடம்," என்றார்.

ஆய்வாளர், "நிறுத்துங்க," என்றார். நிறுத்தினார்கள். நிறுத்த முடியும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

கதவு திறந்தது. வெளிப்புறத்துக்கு வண்ணம் பூசச் சொன்னவர்கள் உட்புறத்தை மறந்திருந்தார்கள். மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு உட்புறம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெட்டியை அவர்களில் ஒருவரும் ஒருநாளும் திறந்ததில்லை. கதவின் உள்ளே மார்க்கர் பேனாவில் மூன்று வரிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, கீழே ஜெ.சீ. என்று கையெழுத்து.

'எர்த் பட்டை அறுந்துள்ளது. ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லியாச்சு.'

'மறுபடியும் சொல்லியாச்சு.'

'மூணாவது தடவை. லைனை 10 நிமிஷம் நிறுத்தினா போதும்.'

எஸ்தர் அருகில் போய் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியின் மேல் விரலை வைத்தார். பாதுகாப்பு அதிகாரி, "மேடம், தொடாதீங்க," என்றார். அவர் அந்த வளாகத்தில் ஒருவருக்குச் சொன்ன பாதுகாப்பு எச்சரிக்கையை நான் நேரில் கேட்டது அது ஒன்றுதான்.

"அவரு எழுத்துதான்," என்றார் எஸ்தர். "கவனம் யாருக்குக் கொறவுன்னு நீங்களே படிச்சிப் பாருங்க மேடம்."

ஆய்வாளர் படித்தார். படம் எடுத்தார். தன் கோப்பிலிருந்த அறிக்கையில் 'இறந்தவரின் கவனக்குறைவு' என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார். அந்த இடத்தில் என்ன எழுதப்போகிறார் என்பது இதை எழுதும் நாள்வரை தெரியாது. காலியாக இருக்கிறது. யாருடைய பெயரையும் எழுதாமல் விட்டுவிடவும் கூடும். எங்கள் ஊர்க் கோப்புகளுக்கு அந்தத் திறமை உண்டு. அடித்த வரி மட்டும் திரும்பி வராது. எஸ்தர் கேட்டது அதைத்தான்.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பையில் அந்தச் சோதனை விளக்கு இருந்தது. யாரும் கேட்காமலே பிளக்கில் வைத்தார். "எரியுது," என்றார். யாழினி தன் கணினியின் தகட்டை நீட்டினாள். எஸ்தர் ஐந்தாவது வரியை எழுதினார்.

ஜெயசீலன் நேரலை செய்யும் அதே நேரத்துக்கு யாழினி அந்தப் பேருந்து விளையாட்டைத் திறந்தாள். பனி, மலை, கோட்டு போட்ட பயணிகள். எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யாழினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. புதிதாக வந்த ஒருவர், "வண்டி ஏன் நிக்குது?" என்று எழுதினார். வேறொருவர் பதில் எழுதினார்: "ஆள் வேலைல இருக்காரு. வெயிட் பண்ணு." அதன் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆறாவது நிமிடம் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. முன்னூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நின்றிருக்கும் ஒரு பேருந்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேர் சும்மா இருந்தார்கள். அவ்வளவு சுலபமான வேலை அது.

பத்தாவது நிமிடம் முழுதாக முடிந்தது. எஸ்தர் மைக்கின் பக்கம் குனிந்தார்.

"போலாம், ரைட்!" என்றார்.

அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது. போய்வாருங்கள், ஜெயசீலன்.